இருநூற்றுப் பதினான்கு, இரும்போடு

எங்கள் கிளினிக்கில் எடை பார்க்கும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள், பூட்ஸைக் கழற்றுவார்கள், சட்டைப் பையில் இருக்கும் புகையிலை டப்பாவைக்கூட எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பார்கள். இடுப்புத் துப்பாக்கியை மட்டும் கழற்றமாட்டார்கள். கழற்றச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை. எடையை எழுதி, பக்கத்தில் 'இரும்போடு' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவோம். பத்தொன்பது வருடங்களுக்கு முன் நான் நர்ஸாக வந்தபோதே பழைய அட்டைகளில் அந்த வார்த்தை இருந்தது. எனக்கும் அது நியாயமாகப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதே துப்பாக்கிதானே. கூடினாலும் குறைந்தாலும் அது மனிதனுடைய எடையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரியில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில், முதுகுவலி மாத்திரையை நிறுத்தியதற்காக ஒருவன் தன் டாக்டரை மேஜைக்குக் குறுக்கே சுட்டான். அதற்கு அடுத்த வாரம் எங்கள் டாக்டர் யோஸ்ட் வாசலில் ஒரு போர்டு மாட்டினாள். துப்பாக்கிகளை வண்டியிலேயே வைத்துவிட்டு வரவும். அவளுக்கு முப்பத்துநான்கு வயது. இந்த மலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"மூணே நாள்ல குண்டு பட்டுக் கெடக்கும் பாரு," என்றாள் முன்மேஜையில் இருக்கும் பெர்னீஸ்.

"யாரு?" என்றேன், பதறி.

"போர்டுதான்டீ. மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது உனக்கு?"

ஆண்கள் முணுமுணுத்தார்கள். "இதக் கழட்டினா பேண்டு நிக்காதே" என்று கிழவர் டால்மேஜ் சொன்னார். "பரவால்ல, உள்ள போனா எப்படியும் கழட்டத்தானே சொல்லப்போறோம்" என்றாள் பெர்னீஸ். சிரித்துக்கொண்டே எல்லோரும் வண்டிக்குத் திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தார்கள். அல்லது வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சோதித்துப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. பெர்னீஸின் மேஜைக்கு அடியில் ஒரு பொத்தான் மட்டும் வைத்தார்கள். அமுக்கினால் போலீஸ் வரும். மார்ச்சில் ஒரே ஒரு முறை அமுக்கினாள். காது கேளாத ஒரு முதியவர், பெயரைக் கேட்டபோது, கோட்டுக்குள் கையை விட்டு எதையோ தேடினார். வந்த இரண்டு பேர் அவரைத் தரையில் தள்ளி முழங்காலால் அழுத்தினார்கள். அவர் கையில் இருந்தது மருந்துச் சீட்டு. தோள்பட்டைக் காறையெலும்பு உடைந்தது. அதற்குக் கட்டுப் போட்டதும் நாங்கள்தான். அவர் மனைவி இப்போது என்னைக் கடையில் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறாள்.

இவ்வளவையும் சொல்வது என் பயத்துக்குக் காரணம் காட்டுவதற்காக என்று நினைக்கலாம். அது முழு உண்மை இல்லை. மற்றவர்களுக்குப் போர்டு வந்தபிறகுதான் பயம் வந்தது. எனக்கு அது அக்டோபரிலிருந்தே இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது, வெர்லின் ஸ்டேம்பர்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, மணி நாலே முக்கால். பெர்னீஸ் கிளம்பிப் போயிருந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு விளக்கை அணைக்கப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. வெர்லினின் மனைவி ஓப்பல்.

"க்ளென்னா, நெஞ்சுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு. தாடை வரைக்கும் வலிக்குது."

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"பீன்ஸும் சோள ரொட்டியும்."

"அப்போ வாயுதான். வீட்ல அந்த வெள்ளை மருந்து இருக்குல்ல, ரெண்டு ஸ்பூன் குடிங்க. திங்கக்கிழமை காலைல வாங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்."

"சரி கண்ணு. உன்னை வேற தொந்தரவு பண்ணிட்டேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் விழுந்து இறந்துபோனாள். தாடை என்ற சொல் என் காதில் விழாமல் இல்லை. நான் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வரும் அழைப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்பது எங்கள் விதி. யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னோம். அன்று எழுதாமல் விட்டது அவசரம். திங்கட்கிழமை, செய்தி தெரிந்தபிறகு, பேனாவை எடுத்து மறுபடி கீழே வைத்தேனே, அது அவசரம் இல்லை.

துக்க வீட்டுக்குப் போனேன். ஒரு தட்டு உருளைக்கிழங்கு கேக் கொண்டுபோனேன். வெர்லின் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "வந்ததுக்கு சந்தோஷம்" என்றார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஓப்பல் தொலைபேசியை வைத்த அடுத்த நிமிடமே கணவனிடம் சொல்லியிருப்பாள் என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அல்லது தெரியாதபடி வைத்துக்கொண்டேன். அவர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திவிட்டார். இதயம் பலவீனமானவர், மாதாமாதம் எடை பார்க்க வேண்டியவர். நாங்கள் இரண்டு முறை கடிதம் போட்டோம். கடிதங்களை எழுதியது நான். பதில் வராதபோது நிம்மதி அடைந்ததும் நான்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் பெர்னீஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெர்லின் ஸ்டேம்பர் வந்திருக்காரு. போர்டுக்கு முன்னாடி நின்னு ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் திரும்பி வண்டிக்குப் போனாரு, ரொம்ப நேரம் கழிச்சு வந்தாரு. பாவம், நல்ல மனுஷன். எத்தனை பேரு அப்படி செய்றான்?"

"எவ்வளவு நேரம்?"

"எதுக்கு?"

"வண்டில எவ்வளவு நேரம் இருந்தாரு?"

"நான் என்ன கடிகாரமா வச்சுப் பாத்தேன்? போடீ, போய் எடையப் பாரு."

அவர் வராந்தாவில் நின்றிருந்தார். இடுப்பில் தோல் உறை காலியாகத் தொங்கியது. ஆனால் சட்டை பேண்டுக்கு வெளியே இருந்தது. நாற்பது வருடம் நிலக்கரி லாரி ஓட்டிய மனிதர், ஒரு நாளும் சட்டையை வெளியே விட்டவர் இல்லை. ஓப்பல் விடமாட்டாள். அவள் போய்விட்டாள், அதனால்தான் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, சட்டைக்கு அடியில் முதுகுப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"எப்படி இருக்கீங்க வெர்லின்?"

"இருக்கேன்."

பூட்ஸின் கயிறு கட்டாமலே வந்திருந்தார். குனியாமல் காலை உதறி அவற்றைக் கழற்றினார். கம்பளிக் காலுறையோடு தராசில் ஏறினார். எங்களுடையது பழைய தராசு. கம்பியில் எடைக்கட்டியை நகர்த்த வேண்டும். அட்டையில் செப்டம்பர் மாத எடை என் கையெழுத்திலேயே இருந்தது: 214 இரும்போடு, 211 இல்லாமல். அன்று ஓப்பலும் வந்திருந்தாள். "அந்தச் சனியனக் கழட்டிட்டு ஏறுய்யா, உன் தொப்பை எவ்வளவுன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்று அவள் கேலி செய்ததால் இரண்டு முறை எடை பார்த்தோம். வெர்லின் அன்று காது சிவக்கச் சிரித்தார்.

நான் எடைக்கட்டியை இருநூற்றுப் பதினொன்றில் வைத்தேன். கம்பி மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கில் இறங்கி, மெல்ல ஆடி, நேராக நின்றது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"அதேதான். இருநூத்திப் பதினாலு."

"ம்," என்றார். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உறை காலி. எடை மாறவில்லை. இதற்கு இரண்டே அர்த்தம்தான் இருக்க முடியும். துப்பாக்கி உறையில் இல்லாமல் உடம்பில் வேறெங்கோ இருக்கிறது. இல்லையென்றால் அந்த மூன்று பவுண்டும் தண்ணீர். பலவீனமான இதயம் வெளியேற்ற முடியாமல் உடம்பிலேயே தேங்கவிட்ட தண்ணீர். முதலாவது என்றால் நானோ டாக்டரோ சாகலாம். இரண்டாவது என்றால் இவர் செத்துக்கொண்டிருக்கிறார். பொத்தானை அமுக்கச் சொன்னால் இரண்டு பேர் வந்து இந்த மனிதரைத் தரையில் தள்ளி நெஞ்சில் முழங்காலை வைப்பார்கள். சும்மா இருந்தால் டாக்டர் யோஸ்ட் அட்டையைப் பார்த்து, 'எடை மாறவில்லை, நல்லது' என்று சொல்லிக் கதவை மூடிக்கொண்டு அவர் எதிரில் உட்காருவாள்.

வராந்தாவில் பத்தடி நடப்பதற்குள் என் மனம் துப்பாக்கியையே தேர்ந்தெடுத்துவிட்டதைக் கவனித்தேன். அது துப்பாக்கியாக இருந்தால் நான் பாதிக்கப்பட்டவள் ஆகிவிடலாம். தண்ணீராக இருந்தால், ஸ்டேம்பர் வீட்டில் நான் கேட்காமல் விட்ட இரண்டாவது ஆள் இவர்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எந்தப் புது நர்ஸுக்கும் தெரிந்த வழி. கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். தண்ணீர் தேங்கியிருந்தால் குழி விழும், நிரம்பாது. அதற்கு அவர் முன்னால் மண்டியிட வேண்டும். என் தலை அவருடைய முழங்காலுக்கு அருகே இருக்கும். அவர் கைகள் எனக்கு மேலே, நான் பார்க்க முடியாத இடத்தில் இருக்கும்.

அறையில் அவரைப் பரிசோதனை மேஜையில் உட்காரவைத்தேன். இரத்த அழுத்தம் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சின்னச் சின்னதாக, வேகமாக வந்தது. கோபத்தில் இருக்கும் மனிதனின் மூச்சு என்று எனக்குத் தோன்றியது.

"காலப் பாக்கணும்," என்றேன்.

"பாரு."

மண்டியிட்டேன். காலுறையைச் சுருட்டி இறக்கினேன். மேலே அவருடைய வலது கை தொடையிலிருந்து நகரும் சத்தம் கேட்டது. துணியில் துணி உரசும் சத்தம். கை முதுகுப் பக்கமாகப் போனது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பார்த்தது தெரிந்துவிடும் என்ற அற்பமான யோசனை. ஓப்பலின் முகம் நினைவுக்கு வரவில்லை, என் பிள்ளைகளின் முகம் வரவில்லை. அந்தக் கோட்டுப் பொத்தான்தான் வந்தது, கொம்பு நிறத்தில், நான்கு துளைகளோடு. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

மாவில் அழுத்தியதுபோல விரல் உள்ளே போனது. எடுத்தபின் குழி அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். நிரம்பவில்லை. அவர் கை மேஜையின் பின்விளிம்பைப் பிடித்திருந்தது, விழாமல் இருப்பதற்காக. சட்டை வெளியே இருந்தது வயிறு ஊதியிருந்ததால். பூட்ஸ் கயிறு கட்டாமல் இருந்தது பாதம் உள்ளே போகாததால். எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது.

"நெஞ்சு வரைக்கும் தண்ணி," என்றார். "பத்து நாளா படுக்க முடியல. நாற்காலியிலயே உக்காந்து தூங்குறேன்."

"பத்து நாளா? ஒரு போன் பண்ணக் கூடாதா வெர்லின்?"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அந்தக் குழியையே நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓப்பல் சந்தோஷமாத்தான் வந்து சொன்னா," என்றார். "வாயுன்னு க்ளென்னா சொல்லிட்டா, பயமில்லய்யா, திங்கக்கிழமை வரச் சொல்லிட்டான்னு. அன்னிக்கு ராத்திரி ஆப்பிள் பை வேற செஞ்சா."

டாக்டர் யோஸ்ட் உள்ளே வந்தாள். காலைப் பார்த்தாள், நெஞ்சைக் கேட்டாள், என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்துக் குழம்பினாள். "எடை மாறலயே?" என்றாள். நான் பேனாவை எடுத்து 214-க்குப் பக்கத்தில் 'இரும்பு இல்லாமல்' என்று எழுதினேன். அவளுக்குப் புரிந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு என்றாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம்.

"வண்டில ஒண்ணு இருக்கு," என்றார் வெர்லின், டாக்டர் வெளியே போனதும். "பூட்டு சரியில்லாத வண்டி. அப்படியே விட்டுட்டுப் போக முடியாது."

இங்கே யாரும் துப்பாக்கியைக் காலி வண்டியில் விட்டுப் போகமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கோ சிறைக்கோ போகும்போது நம்பகமான ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் மெல்ல நடந்து வெளியே போனார். நானும் பெர்னீஸும் ஜன்னலில் நின்றோம். அவர் வண்டிக் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டபடி வெகுநேரம் நின்றார்.

பெர்னீஸின் கை மேஜைக்கு அடியில் போனது. "அமுக்கட்டுமா?"

"வேண்டாம்."

"அடியே, என் விரலு பொத்தான் மேலயே இருக்கு."

"எடுத்துடு கைய."

அவர் முன்வாசலுக்கு வரவில்லை. போர்டு இல்லாத பக்கவாட்டுக் கதவுக்கு வந்து தட்டினார். நான் போய்த் திறந்தேன். பழைய துண்டில் சுற்றிய ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

"வச்சிரு."

"உங்க தம்பி மகன்கிட்ட குடுங்களேன்."

"அவன் சாயங்காலத்துக்குள்ள வித்துடுவான். நீ வச்சிரு." மூச்சு வாங்கினார். "அக்டோபர்ல மத்த குண்டெல்லாம் எடுத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் உள்ள இருக்கு. அது உனக்கா எனக்கான்னு இன்னும் முடிவு பண்ணல. இன்னிக்கு அந்தப் போர்டு முன்னாடி நின்னப்பவும் முடிவு பண்ணல."

வாங்கிக்கொண்டேன். மூன்று பவுண்டு.

"திங்கக்கிழமை காலைல வர்றேன்," என்றார். "வந்து வாங்கிக்கிறேன்."

என்னுடைய சொற்களை அவர் வேண்டுமென்றே எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் எதுவும் இல்லை.

சனிக்கிழமை முழுவதும் அது என் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. ஓடையில் எறியலாம். போலீஸிடம் கொடுக்கலாம். டாக்டரிடம் சொல்லலாம். எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கான பதில் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமையில்தான் தொடங்கும். ஞாயிறு மத்தியானம், கணவர் மீன் பிடிக்கப் போயிருந்தபோது, துண்டைப் பிரித்தேன். திறக்க எனக்குத் தெரியும், இங்கே எல்லோருக்கும் தெரியும். குண்டை எடுத்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். பெரிய நிம்மதி வந்தது. எனக்கு அந்த நிம்மதி பழக்கமானதாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஒன்றை நீக்கிவிட்டால் வரும் நிம்மதி. நோட்டில் அந்த வரியை எழுதாமல் விட்டபோதும் இதேதான் வந்தது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனேன். அழைப்பு நோட்டைத் திறந்தேன். அன்றைய பக்கத்தில் முதல் வரியாக, 'தாமதப் பதிவு' என்று எழுதி, அக்டோபர் தேதியையும் நேரத்தையும் ஓப்பல் ஸ்டேம்பரின் பெயரையும் எழுதினேன். நெஞ்சு அடைப்பு, தாடை வலி. திங்கட்கிழமை வரச் சொன்னேன். என் கையெழுத்து. டாக்டர் யோஸ்ட் வந்ததும் அதை அவள் முன்னால் வைத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.

"மத்தியானம் பேசணும் க்ளென்னா," என்றாள். "எங்கயும் போயிடாத."

பத்து மணிக்கு வெர்லின் வந்தார். தம்பி மகன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். முகம் ஒட்டிப்போயிருந்தது. சட்டை பேண்டுக்குள் இருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினார். இருநூற்று ஐந்து. ஒன்பது பவுண்டு தண்ணீர் எடுத்திருந்தார்கள். ஆறு மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாமல் சதை கரைந்திருந்தது, சதை போன இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருந்தது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இரும்போடு எவ்வளவு?" என்றார்.

மருந்து அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து துண்டை எடுத்தேன். கொடுத்தேன். அவர் துண்டைப் பிரித்து, அதை உறையில் செருகிக்கொண்டார். எடைக்கட்டியை நகர்த்தினேன். இருநூற்று எட்டு.

என் பையிலிருந்து குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"நான்தான் எடுத்தேன். நேத்து. உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு சொல்றேன்."

அவர் அதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். "அன்னிக்கு ஓப்பல் தாடை வலிக்குதுன்னு சொன்னாங்க. தாடை வலின்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் வீட்டுக்குப் போற அவசரத்துல இருந்தேன். நோட்டுல எழுதிட்டேன். இன்னிக்குத்தான்."

"தாடையா?"

"ஆமா."

"எங்கிட்ட தாடைன்னு சொல்லலயே." குரல் மிக மெதுவாக வந்தது. "நெஞ்சுல வாயுன்னுதான் சொன்னா. தாடைன்னு சொல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போயிருப்பேனே. எங்கப்பனுக்கு அப்படித்தான் வந்துச்சு."

இது அவருக்கு இதுவரை தெரியாது. ஆறு மாதமாக அவர் சுமந்துகொண்டிருந்தது தெரியாமல் நடந்த ஒரு தவறை. இப்போது நான் அவருக்குக் கொடுத்தது வேறொன்று.

குண்டை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு குண்டின் எடை அந்தத் தராசில் தெரியாது. ஆனாலும் கம்பி ஆடத் தொடங்கியது. அவர் உடம்பு நடுங்குவதால் ஆடுகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

குண்டைச் சட்டைப் பையில் போட்டுப் பையின் பொத்தானை மாட்டினார்.

"வாராவாரம் திங்கக்கிழமை எடை பாக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"ஆமா."

"நீதானே பாப்ப?"

மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்றே தெரியாது.

"நான்தான்," என்றேன்.

அவர் இறங்கி, பூட்ஸைப் போட்டு, கயிறுகளை நிதானமாகக் கட்டினார். போர்டைத் தாண்டி, வெள்ளிக்கிழமையிலிருந்து வெளியே நின்றிருந்த தன் வண்டிக்குப் போனார். நான் அட்டையை எடுத்து எழுதினேன்: 208, இரும்போடு. வெளியே வண்டிக் கதவு மூடும் சத்தம் கேட்டது. பேனாவைக் கையில் வைத்தபடி, வண்டி கிளம்பும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.